பலகைகள் இறங்காத நாட்கள்

கிட்டே வாருங்கள் கண்மணிகளே, இன்னும் கொஞ்சம் கிட்டே. தூரத்தில் உட்கார்ந்தால் பாதிக் கதை உங்களுக்கு, பாதிக் கதை காற்றுக்கு என்று ஆகிவிடும். இன்றைக்கு நான் சொல்லப்போவது ஒரு பொய்யின் கதை. இரண்டே வார்த்தைப் பொய். சொன்னவளும் பொல்லாதவள் இல்லை, நம் வீடுகளில் இருக்கிற ஒருத்தி மாதிரிதான். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அவளை ஊரில் எல்லோரும் பலகைக்காரி என்பார்கள். அலைமேல் ஏறி நின்று சறுக்கிக்கொண்டு வருகிறார்களே, அவர்களுடைய பலகைகளைப் பழுது பார்ப்பது அவள் தொழில். கடற்கரைச் சாலைக்குப் பின்புறம் யாரோ கார் நிறுத்தி வைத்திருந்த ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பட்டறையாக்கியிருந்தாள். மூக்கு உடைந்த பலகை, வால் பிளந்த பலகை, காதலில் தோற்றவன் நெஞ்சு மாதிரி நடுவில் இரண்டாகப் போன பலகை, எல்லாம் அங்கே வரும். உடைந்த இடத்தை அறுத்தெடுத்து, நுரைக்கட்டை பொருத்தி, கண்ணாடி இழைத் துணியை விரித்துப் பிசினை ஊற்றுவாள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, ஒட்டின இடம் கைக்குத் தெரியாமல் செய்துவிடுவாள். வயது ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நல்ல அலை வந்தால் கதவைச் சாத்திவிட்டு அவளும் போய்விடுவாள்.

அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர், டிக்கெட் கொடுப்பதும் அவரேதான். நீச்சல் தெரியாது. குளியல் தொட்டியில்கூட ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற ஆள். "என் சம்சாரத்துக்குக் கடல்தான் மூத்த வீட்டுக்காரர், நான் ரெண்டாவது ஆளு" என்று பயணிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கடற்கரைக்கு இரண்டு பக்கம். ஒன்று அகலமான மணல் பக்கம். அங்கே உயிர்காப்பாளர் உட்காருகிற கோபுரம், கொடி, ஊதல் எல்லாம் உண்டு. இன்னொன்று பாறை முனை. அங்கே எதுவும் கிடையாது. கரைக்கு வந்து விழுகிற தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டுமல்லவா? பாறையை ஒட்டி ஒரு ஆறு மாதிரி அது கடலுக்குள்ளேயே திரும்பி ஓடும். ஓடுகிற இடத்தில் அலை உடையாது. பார்க்கக் குளம் போல அமைதியாக இருக்கும். சறுக்குகிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். பலகையில் குப்புறப் படுத்தால் போதும், கை வலிக்காமல் இரண்டே நிமிடத்தில் அலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கு 'லிஃப்ட்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பலகை இல்லாதவன் கால் வைத்தாலும் அது ஏற்றிக்கொள்ளும், இறக்கிவிடத்தான் தெரியாது. விவரம் அறியாதவர்கள், "இங்கேதான் அலையே இல்லையே" என்று சரியாக அந்த இடத்தைத்தான் குளிக்கத் தேர்ந்தெடுப்பார்கள்.

அப்படிப் போனவர்களைச் சறுக்குகிறவர்கள் பலகையில் ஏற்றிக் கரை சேர்ப்பது வழக்கம். பலகைக்காரி ஒரு நோட்டு வைத்திருந்தாள். அவளோ மற்றவர்களோ அலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், யார் யார் வந்தார்கள் என்று எழுதுவாள். யாரையாவது காப்பாற்றினால் அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம். ஆறு வருடத்தில் பத்தொன்பது வட்டம்.

ஒருநாள் நாத்தனார் பட்டறைக்கு வந்தாள். நகர மன்ற அலுவலகத்தில் எழுத்தர் அவள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே நுழைவாள், பிசின் வாடை ஆகாது.

"அண்ணி, கடற்கரைப் பாதுகாப்புக்குன்னு மேலேர்ந்து பணம் வந்திருக்கு. மூணு வேலை கேக்கறாங்க, மூணுக்கும் பத்தாது. எது முதல்ல, எது கடைசின்னு ஒவ்வொரு சங்கத்துக்கிட்டயும் கருத்துக் கேட்டிருக்கோம். உங்க ஆளுங்களயும் கேட்டு எழுதிக் குடுங்க. எழுத்து அழகா இருக்கறது உங்களுக்கு மட்டுந்தான். மத்தவங்க எழுதினா நான் மருந்துக்கடையிலதான் போய்ப் படிக்கச் சொல்லணும்."

மூன்று வேலை இவைதான். பாறை முனையில் ஒரு கோபுரமும் இரண்டு உயிர்காப்பாளர்களும். அலை உயரத்தையும் காற்றையும் அளந்து கைப்பேசிக்கு அனுப்புகிற ஒரு மிதவை. பாறையில் ஏறி இறங்கக் கைப்பிடியோடு படிகள்.

அன்று மாலை, பலகைக்காரியோடு சேர்த்து, சறுக்குகிற சங்கத்தார் பதினொரு பேரும் பட்டறையில் கூடினார்கள். பேசத் தொடங்கியவன் மீசை. மின்வேலைக்காரன். முகத்தில் ஒரு முடி முளைக்காததால்தான் அவனுக்கு அந்தப் பெயர்.

"கோபுரம் வந்தா கொடி வரும் அக்கா. கொடி வந்தா காப்பாளர் இருக்கற நேரமெல்லாம் நம்ம பலகை வெளிய போகும். காலைல ஒம்போதுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் லிஃப்ட் மூடியாச்சுன்னு வெச்சுக்கோங்க."

"அப்ப வேலைக்குப் போறவன் அலை பிடிக்கிறது எப்போ? கனவுலயா?" என்றார் பல் டாக்டர்.

"நீங்கதான் நோயாளி வாயத் தொறந்து வெச்சுட்டு ஜன்னல் வழியா கடலப் பாக்கற ஆளாச்சே, உங்களுக்கென்ன கஷ்டம்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சிரிப்பு அடங்கியதும் மீசையே முடித்து வைத்தான். "லைஃப்கார்டு எதுக்குன்னேன்? அதான் நாம இருக்கோமே, சம்பளமில்லாத பதினொரு லைஃப்கார்டு! மிதவை முதல், படி ரெண்டாவது, கோபுரம் கடைசி. எழுதுங்க அக்கா."

எழுதினாள். அவளுக்கும் அதுதான் விருப்பம், மறைப்பானேன்? படிவத்தின் நாலாவது கேள்வியில் பேனா நின்றது. 'இவ்விடத்தில் உங்கள் உறுப்பினர்கள் ஆண்டில் எத்தனை நாட்கள் கடலில் இருக்கிறார்கள்?'

இங்கே ஒன்று சொல்லவேண்டும், கவனமாகக் கேளுங்கள். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசினால் அலை சீப்பால் வாரியது போல ஒழுங்காக நிற்கும். கடலிலிருந்து நிலத்துக்கு வீசினாலோ அலை நொறுங்கி நுரையும் குழப்பமுமாகிவிடும். குப்பைக் கடல் என்பார்கள் அதை. அன்றைக்கு ஒரு பலகை இறங்காது, போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். ஆனால் பாறையோரத்து இழுப்பு தூங்காது. அதற்கு அலை அழகாக இருந்தால் என்ன, அசிங்கமாக இருந்தால் என்ன?

"நாலாவதுக்கு என்ன போடட்டும்?" என்று கேட்டாள்.

"எப்பவும் யாராவது ஒருத்தர் இருக்கோம்ல? 'ஆண்டு முழுவதும்'னு போடுங்க" என்றான் மீசை.

நோட்டு கைக்கெட்டும் தூரத்தில் அலமாரியில்தான் இருந்தது. எடுத்து எண்ணிப் பார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவளுக்கு நெஞ்சு ஒரு தரம் குறுகுறுத்தது. அவ்வளவுதான். 'ஆண்டு முழுவதும்' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

அடுத்த வாரம் நகர மன்றத்தில் பொதுக்கூட்டம். ஊரார் யார் வேண்டுமானாலும் வரலாம். பலகைக்காரி எழுந்து பேசினாள். "ஆறு வருஷத்துல பத்தொம்பது பேரு. ஒருத்தரக்கூட நாங்க விடல. பாறை முனையில நாங்க எப்பவும் இருக்கோம்." கூடம் கைதட்டியது. மன்றத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மிதவை முதலாவது, கோபுரம் கடைசி என்று வரிசை ஆயிற்று. கோடை முடிந்ததும் இன்னொரு கூட்டத்தில் கையெழுத்தாகும் என்றார்கள். மறுநாள் பேருந்தில் பயணிகள் அவள் வீட்டுக்காரருக்குக் கைகொடுத்தார்களாம். டிக்கெட் கேட்டு நீட்டுகிற கை என்று நினைத்து ஒருவரிடம் சில்லறை கேட்டுவிட்டார் மனுஷன்.

நடுக்கோடையில் நாலு நாள் விடாமல் கடல்காற்று. நாலாவது நாள் புதன்கிழமை. பிசின்மேல் தூசி படியாமலிருக்கப் பலகைக்காரி கதவை இறுக்கச் சாத்தி வேலை செய்துகொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. வீட்டுக்காரர்.

"ஏம்மா, எங்க இருக்க? பாறை முனையில ஒரு ஆளு போயிட்டாராம். பஸ்ஸுல பேசிக்கறாங்க. உங்க ஆளுங்க யாராச்சும் அங்க இருக்காங்களா?"

கையுறையிலேயே பிசின் இறுகிக்கொண்டிருந்தது.

போனவர் அடுத்த தெருச் சலவைக்கடைக்காரர். புதன்கிழமை அவர்களுக்கு அரை நாள் கடை. காலையெல்லாம் நீராவியில் வெந்த உடம்பை நனைக்கக் கடலுக்குப் போவார். அன்று மணல் பக்கத்தில் சிவப்புக் கொடி. "இங்க இறங்கக்கூடாது சார்" என்று காப்பாளர் தடுத்திருக்கிறார். அவர் தலையாட்டிவிட்டுப் பாறை முனைக்கு நடந்திருக்கிறார். அங்கே தடுக்க யாருமில்லை.

சறுக்குகிறவர்கள் அத்தனை பேரும் ஓடினார்கள். அந்தக் குப்பைக் கடலில் இறங்கி இருட்டும் வரை தேடினார்கள். அலை பலகைக்காரியை இரண்டு தடவை பாறைமேல் எறிந்தது. மறுநாள் காலையில் மீன்பிடிப் படகுக்காரர்கள் அவரைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சலவைக்கடை திறந்தது. அவர் மனைவிதான் நின்றாள். தன் வீட்டுக்காரரின் சீருடைச் சட்டைகளை எடுத்துக்கொண்டு பலகைக்காரி போனாள். சும்மா எப்படிப் போவது, கையில் ஏதாவது வேண்டுமே? பிளாஸ்டிக் உறையில் துணிகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் எண் குத்திய சின்னத் துண்டு. சில துண்டுகளில் இன்னும் அவருடைய எழுத்து.

"வாங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அந்தக் கடல்ல இறங்கித் தேடினீங்களாமே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"இல்லக்கா. அவருக்கு உங்கமேல அவ்வளவு மரியாதை. நீங்க மன்றத்துல பேசினீங்கல்ல, அன்னிக்கு அவரும் வந்திருந்தாரு. ராத்திரி வந்து சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. 'பாறைப் பக்கம் பயமே இல்ல, அங்க எப்பவும் ஆளு இருக்காங்க, பத்தொம்பது பேரத் தூக்கியிருக்காங்க'ன்னு." சட்டைகளை எண்ணித் துண்டு குத்தினாள். "அதான் அங்க போயிருக்காரு. அவரு நேரம் பாருங்க, அன்னிக்குன்னு பாத்து நீங்க யாருமில்ல."

பலகைக்காரி ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். எந்த வழியாக வீடு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து எண்ணினாள். தேதி இருந்த பக்கங்களை எண்ண எண்ண, இல்லாத தேதிகள்தான் கண்ணில் பட்டன. போன வருடம் நூற்று முப்பத்தொரு நாள் கடலில் இருந்தார்கள். மீதி இருநூற்று முப்பத்துநாலு நாளுக்கு ஒரு வரிகூட இல்லை. பத்தொன்பது வட்டமும் நல்ல அலை நாட்களில். ஏன்? அன்றுதான் இவர்கள் அங்கே இருந்தார்கள். இல்லாத நாட்களில் எத்தனை பேர் தாமாகத் தத்தளித்துக் கரையேறினார்களோ, அதை யார் எழுதினார்கள்?

வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தாள்.

"எங்க டெப்போல," என்றார் மெதுவாக, "இந்த நிறுத்தத்துல எப்பவும் பஸ்ஸு உண்டுன்னு எழுதி மாட்டிட்டு, மழை நாள்ல மட்டும் ஓட்டாம விட்டா வேலை போயிரும்."

"எனக்குப் போகலியே" என்றாள். "எனக்குக் கைதட்டல்ல கெடச்சுது."

அவர் எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடிக்கவில்லை. அன்றிலிருந்து பலகைகள் கைக்கு வசப்படவில்லை. உப்புத்தாள் பிடித்தால் தேய்க்கவேண்டிய இடத்தைத் தாண்டித் தேய்த்துவிடுவாள். நல்ல அலை வந்த இரண்டு நாட்களும் போகவில்லை. மடியில் கனம் இருப்பவளுக்கு வழியெல்லாம் பயம்தானே? சலவைக்கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கையெழுத்துக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அங்கே போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று மீசையிடம் சொன்னாள். வால் உடைந்த தன் பலகையைப் பார்க்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நீங்க சொன்னா அவரு எழுந்து வரப்போறாரா? யோசிங்க அக்கா. கோபுரம்னே முடிவாயிருந்தாலும் கட்டி முடிக்க அடுத்த வருஷம் ஆயிருக்கும். அந்தப் புதன்கிழமைக்கு அது வந்தே இருக்காது. அப்பறம் உங்க தப்பு எங்க வந்துச்சு?"

"கோபுரம் இல்லாததால அவரு அங்க போகல தம்பி. என் பேச்சக் கேட்டுப் போனாரு."

"நாங்களுந்தானே எழுதச் சொன்னோம்?"

"சொன்னீங்க. நோட்டு யாருகிட்ட இருந்துச்சு?"

அவன் பலகையின் வாலையே தடவிக்கொண்டிருந்தான். "இருபது வருஷமா அந்த எடம் நம்மளது" என்றான் கடைசியில். குரல் கெஞ்சியது. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவனும் கெட்டவன் இல்லையே. அந்த இழுப்பில் சிக்கிய ஆறு பேரைத் தன் கையால் தூக்கியவன்.

ஊர் முன்னால் சொல்வதற்கு முன் சொல்லவேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாள். புதன்கிழமை, கடை சாத்துகிற நேரம் பார்த்துப் பலகைக்காரி சலவைக்கடைக்குப் போனாள். அந்தப் பெண் ஒரு வெள்ளைச் சட்டையின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நாங்க தற்செயலா இல்லாமப் போகலம்மா. கடல்காற்று அடிச்சா நாங்க யாருமே போகமாட்டோம். எப்பவுமே அப்படித்தான். கூட்டத்துல நான் சொன்னது பொய்."

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் நின்றது.

"வருஷத்துல எத்தன நாள் இருப்பீங்க?"

"நூத்து முப்பத்தொரு நாள்."

"மீதி நாள்?"

"யாருமில்ல."

"இது உங்களுக்கு அப்பவே தெரியும்?"

"தெரியும்."

கருகின வாடை வந்தது. அந்தப் பெண் பெட்டியைத் தூக்கினாள். சட்டைக் கையில் பழுப்பாக ஒரு முக்கோணம். அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இது யாரோட சட்டையோ. நான் புதுசா வாங்கிக் குடுத்துருவேன். நீங்க என்ன குடுப்பீங்க?"

பலகைக்காரியிடம் என்ன இருக்கிறது கொடுக்க? நின்றாள். அழக்கூடாது என்று மட்டும் நினைத்தாள். இந்த இடத்தில் அழுகிற உரிமை தனக்கில்லை என்று பட்டது.

"கைதட்டினாங்களே, அவங்க முன்னாடி இதச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"நானும் வரேன். என் காதால கேக்கணும்."

கூட்டத்தில் தலைவி பெயர் வாசித்ததும் பலகைக்காரி எழுந்தாள். போனமுறை குறிப்புத்தாள்கூட இல்லாமல் பேசினவள் இப்போது நோட்டோடு வந்திருந்தாள். அதை மேசைமேல் வைத்தாள்.

"ஆண்டு முழுவதும்னு எழுதிக் குடுத்தேன். அது பொய். அந்த எடத்துல கொடி வந்துரக்கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன். வருஷத்துல இருநூத்து முப்பத்துநாலு நாள் அங்க ஒருத்தரும் இருக்கறதில்ல. மோசமான கடல் அன்னிக்குக் கட்டாயமா இல்ல. என் பேச்ச நம்பி ஒருத்தர் போயிட்டாரு."

நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நாத்தனாரின் பேனா நின்றது. குனிந்து ரகசியமாகக் கேட்டாள்: "அண்ணி, இதயுமா எழுதணும்?"

"எழுதும்மா. ஒரு வார்த்தை விடாம எழுது."

மீசை எழுந்தான். "அது அக்காவோட சொந்தக் கருத்துங்க. சங்கம் வரிசைய மாத்தல." தலைவி சங்கத்தாரைக் கைதூக்கச் சொன்னார். கோபுரமே முதலில் என்று கைதூக்கியவர்கள் பலகைக்காரியோடு சேர்த்து நாலு பேர். நாலாவது கை பல் டாக்டருடையது, பாதி தூக்கி, யோசித்து, முழுக்கத் தூக்கினார். மற்ற ஏழு பேர் தரையைப் பார்த்தார்கள்.

"எத்தனை கை என்பது எனக்கு இப்போது முக்கியமில்லை" என்றார் தலைவி. "அந்த இருநூத்திச் சொச்சம் நாளில் அங்கே யார் நிற்பது? அதுதான் கேள்வி." கோபுரம் முதலிடத்துக்கு வந்தது. மிதவை அடுத்த வருடத்துக்குப் போயிற்று. யாரும் கைதட்டவில்லை.

வாசலில் சலவைக்கடைப் பெண் காத்திருந்தாள்.

"அன்னிக்குக் கடையில உங்களுக்கு நன்றி சொன்னேன்ல?"

"ஆமாம்மா... சொன்ன."

"அதத் திருப்பி எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோம்மா."

அவள் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மறுநாள் மீசை வந்து தன் பலகையைப் பாதி வேலையிலேயே எடுத்துப்போனான். கூலியை மட்டும் வைத்துவிட்டுப் போனான். மற்றவர்களும் கொஞ்ச நாள் வேறு ஊருக்குப் பலகை அனுப்பினார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மீசை வரவில்லை.

அடுத்த கோடையில் கோபுரம் வந்தது. கடல்காற்று ஊளையிட்ட ஒரு நாள், பலகையில்லாமல் வெறுங்கையோடு பலகைக்காரி பாறை முனைக்கு நடந்தாள். அந்த அமைதியான தண்ணீரின் ஓரத்தில் போய் நின்றாள். எவ்வளவு சாந்தமாக இருந்தது பார்க்க! அதைப் பார்த்துப் பத்தொன்பது பேர் ஏமாந்தார்கள். இருபதாவது ஆள் தண்ணீரைப் பார்த்து ஏமாறவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஊதல் சத்தம் கேட்டது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு பெண் கோபுரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தாள்.

"அம்மா, அங்க நிக்காதீங்க, பின்னால வாங்க. அந்த எடத்துல இழுப்பு இருக்கு."

"தெரியும்மா."

"தெரியும்னு சொல்றவங்கதான் மாட்டிக்கறாங்க. வாங்க இந்தப் பக்கம்."

பலகைக்காரி மறுபேச்சுப் பேசாமல் பின்னுக்கு வந்தாள். அவளை யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை. சாயங்காலம் கொடி இறக்கும்வரை, சொன்ன இடத்திலேயே நின்றிருந்தாள்.

அவ்வளவுதான் கண்மணிகளே. போய் வாருங்கள். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற கால்கள் அத்தனையும் பொழுதோடு வாசல் திரும்பட்டும். உங்கள் வாய்ச்சொல்லை நம்பிப் போனவர்களும் தங்கள் வீடு போய்ச் சேரட்டும். தெரியாததைத் தெரியாது என்றும், இல்லாததை இல்லை என்றும் சொல்கிற தைரியம் உங்கள் வீட்டுப் பெரியவரிலிருந்து தொட்டில் பிள்ளை வரை குறையாமல் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.